பின் மூடியைப் படித்துவிட்டு வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் டைவர் வாட்ச் (கடலில் முக்குளிப்பவர்களுக்கான கடிகாரம்) வாங்குவோருக்கு யோசனை சொன்ன கட்டுரை, ‘அதே தோற்றத்தில் புதிய மாடல் கடையில் இருக்கும்போது, யாரோ கட்டிக் கழித்த பழையது எதற்கு?’ என்று முடிந்திருந்தது. பக்கத்திலேயே இரண்டு படங்கள். ஒன்று ஜப்பானின் சீகோ நிறுவனத்தின் எஸ்கேஎக்ஸ்007. 1996இல் வந்து 2019 வாக்கில் நிறுத்தப்பட்டது. மற்றது 2019இல் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் வரிசையில் வந்த எஸ்ஆர்பிடி55. இரண்டுக்கும் முகம் ஒன்றுதான், உடம்பு வேறு. அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் புதியதை வாங்கச் சொன்னது சரியல்ல என்பதால் இந்தக் கடிதம். (‘செகண்ட் ஹேண்ட்’ என்ற சொல்லை இதில் தவிர்த்திருக்கிறேன். கடிகார விஷயத்தில் அது நொடி முள்ளா, பழைய சரக்கா என்று குழம்பும்.)

இரண்டையும் திருப்பிப் போட்டுப் பின் மூடியைப் படியுங்கள். பழையதில் ‘டைவர்ஸ் 200 எம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். புதியதில் ‘வாட்டர் ரெசிஸ்டன்ட் 10 பார்’ என்றுதான் இருக்கும் (பார் என்பது அழுத்தத்தின் அலகு; 10 பார் என்றால் 100 மீட்டர்). ‘டைவர்ஸ்’ என்பது அலங்காரச் சொல் அல்ல. ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்ட கடிகாரத்தில் மட்டுமே அந்தச் சொல்லை ஆழத்தோடு சேர்த்துப் போடலாம். அந்தத் தரத்தில் தண்ணீர் அழுத்தச் சோதனையை மாதிரிக்கு ஒன்றிரண்டு எடுத்துச் செய்து முடித்துவிட முடியாது. ஒவ்வொரு கடிகாரமும், குறித்த ஆழத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்தில் தேற வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு பார் என்ற கணக்கில் 200 மீட்டர் கடிகாரம் 25 பார் தாங்க வேண்டும். இதற்கு மேல் உப்புநீர், அதிர்ச்சி, காந்தம் என்று தனித்தனிச் சோதனைகள். இருட்டில் 25 செ.மீ. தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும். கடிகாரம் ஓடுகிறதா என்பதும் தெரிய வேண்டும். நொடி முள்ளில் ஒளிரும் புள்ளி வைப்பது அதற்காகத்தான்.

100 மீட்டர் போதாதா என்று கேட்பார்கள். பொழுதுபோக்காக ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு முக்குளிப்பது) போகிறவர்களின் எல்லையே 40 மீட்டர்தான். அழுத்தத்தை மட்டும் பார்த்தால் புதிய 10 பார் கடிகாரம் அதைத் தாங்கும். கையை வீசினால் அழுத்தம் பல மடங்கு கூடும் என்று சிலர் பயமுறுத்துவதிலும் சாரமில்லை. பிரச்சினை சாவியில், அதாவது கடிகாரத்தின் பக்கவாட்டில் திருகுகிற குமிழில் இருக்கிறது. எஸ்கேஎக்ஸின் சாவி, நாலு மணிப் பக்கம், மரைபோட்டு இறுகுகிற சாவி. மூடிவிட்டால் எதில் இடித்தாலும் வெளியே வராது. எஸ்ஆர்பிடியில் அதே இடத்தில் இருப்பது வெறுமனே இழுத்து அமுக்குகிற சாவி. கையுறையோ பட்டையோ மாட்டி ஒரு கிளிக் வெளியே வந்துவிட்டால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நம்ப முடியாது. சீகோவின் கையேடுகளே 10 பார் கடிகாரத்தைக் காற்று சிலிண்டர் இல்லாத முக்குளிப்புக்கு மட்டும் என்றுதான் சொல்கின்றன. படகில் போகிறவருக்கும் நீச்சல் குளத்தில் இறங்குகிறவருக்கும் இது பிரச்சினையே இல்லை. கட்டுரை அவர்களுக்காக எழுதப்பட்டிருந்தால் தலைப்பில் ‘டைவர்’ என்று போட்டிருக்க வேண்டியதில்லை.

புதியதன் பக்கம் நியாயமும் இருக்கிறது. அதன் உள்ளே ஓடும் 4ஆர்36 மெஷினில் சாவி கொடுக்கலாம். சாவியை இழுத்தால் நொடி முள் நிற்கும், வானொலி நேரத்தோடு நொடி பிசகாமல் பொருத்தலாம். பழையதன் 7எஸ்26 இரண்டையும் செய்யாது. கையில் கட்டி ஆட்டினால்தான் ஸ்பிரிங் ஏறும், நொடி முள்ளை நிறுத்தவே முடியாது. கடைக்காரரின் உத்தரவாதமும் புதியதற்கு உண்டு. ஆனால் துல்லியம் கூடிவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். 4ஆர்36க்குத் தொழிற்சாலை தரும் வரம்பே நாளுக்கு 45 நொடி முந்துவது முதல் 35 நொடி பிந்துவது வரை. இரண்டும் மணிக்கு 21,600 அடி அடிக்கிற மெஷின்கள். நல்ல கையில் சீர்செய்த பழைய 7எஸ்26, பெட்டியிலிருந்து எடுத்த புதியதைவிட நன்றாக ஓடலாம்.

இனி, பழையதை வாங்குகிறவர் எங்கே ஏமாறுகிறார் என்பது. பின் மூடியில் 200 மீட்டர் என்று இருந்தால் அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் வாக்கு. தண்ணீரைத் தடுப்பது எஃகு அல்ல, பின் மூடியிலும் சாவியிலும் கண்ணாடியைச் சுற்றியும் இருக்கிற மூன்று வளையங்கள். ரப்பர் வளையம் நாள்பட அமுங்கிப் போகும். எடுத்துப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய கம்பி தட்டையாகியிருக்கும். நகத்தால் அமுக்கினால் திரும்ப எழாது. நம் கடற்கரை ஊர்களின் வியர்வையும் உப்புக் காற்றும் இதை இன்னும் வேகப்படுத்தும். பத்து ஆண்டு திறக்காத கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவதும், மூடியில்லாத பாத்திரத்தில் ஆற்றைக் கடப்பதும் ஒன்றுதான். இந்த இடத்தில் மட்டும் தங்கள் கட்டுரையாளரின் பயம் சரி. அதற்கு மருந்து புதிய கடிகாரம் அல்ல, புதிய வளையம். பின் மூடிக்கும் சாவிக்கும் வளையத்தை மாற்றச் சொல்லுங்கள். சிலிக்கோன் கிரீஸ் பூசுவது ஈரம் தெரிகிற அளவுக்கு மட்டும் போதும். அப்பிப் பூசினால் தூசியைப் பிடித்துக்கொள்ளும். வளையம் உட்கார வேண்டிய பள்ளத்திலிருந்து நழுவவும் கூடும். பின் மூடியை மூன்று பிடி உள்ள திருகு கருவியால்தான் திருக வேண்டும். சுத்தியலும் திருப்புளியும் வைத்துத் தட்டித் திறந்ததற்கான காயம் ஆறு பள்ளங்களிலும் தெரிந்தால், உள்ளே வேலை செய்தவரின் தரமும் அதேதான்.

வளையம் மாற்றிய பின் அழுத்தச் சோதனை கட்டாயம். ‘டெஸ்ட் பண்ணியாச்சு சார்’ என்ற சொல்லை நம்பாமல் எதிரே நின்று பார்க்கலாம், ஐந்து நிமிட வேலைதான். பெரும்பாலான கடைகளில் இருப்பது கண்ணாடிக் குடுவை வகை. பாதி தண்ணீர், மேல் பாதி காற்று. கடிகாரத்தைப் பட்டையைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்கு மேலே காற்றில் தொங்கவிடுவார்கள். கைப்பம்பால் அழுத்தம் ஏற்றிச் சில நிமிடம் விடுவார்கள். ஓட்டை இருந்தால் இந்த நேரத்தில் அழுத்தக் காற்று உள்ளே புகுந்துவிடும். பிறகு கடிகாரத்தைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்ல மெல்லக் குறைப்பார்கள். உள்ளே புகுந்த காற்று வெளியே வரத் தொடங்கும். கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டிய நேரம் இதுதான். பெசல் என்கிற சுழல் வளையத்தின் அடியிலிருந்து நாலைந்து குமிழி வந்து நின்றுவிட்டால் கவலையில்லை. அங்கே சிக்கியிருந்த காற்று அது. சாவியின் தண்டிலிருந்தோ பின் மூடியின் விளிம்பிலிருந்தோ பாசிமணி கோத்ததுபோல் நிற்காமல் வந்தால் கசிவு உறுதி. அப்போது அழுத்தத்தை முழுக்க இறக்கிவிடாமல், உள்ளே அழுத்தம் கூடுதலாக இருக்கும்போதே கடிகாரத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிட வேண்டும். இந்த வரிசை மாறினால் சோதனையே கடிகாரத்தைக் கொன்றுவிடும். இன்னொன்று: குடுவை 6 பார் வகையாக இருந்தால் தேறியது 60 மீட்டருக்கு மட்டும். ரசீதில் ‘200 மீட்டர் ஓகே’ என்று எழுதித் தந்தால் அது எழுத்து மட்டும்தான்.

ஏற்கெனவே ஈரம் புகுந்திருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. ஐஎஸ்ஓ தரத்தில் உள்ள சோதனைதான். 40 முதல் 45 டிகிரி வரை சூடான தட்டின் மேல் கடிகாரத்தைப் பத்து முதல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு கண்ணாடியின் மேல் சாதாரணத் தண்ணீர் ஒரு சொட்டு. ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்த்தால், உள்ளே ஈரம் இருந்தால் சொட்டு இருந்த இடத்தில் உட்புறம் மூச்சுவிட்டதுபோல் மங்கியிருக்கும். கொதிநீர்ப் பாத்திரத்தின் மூடியில் வைத்துவிடாதீர்கள். கை பொறுக்கிற சூடுதான் அளவு. மங்கவில்லை என்பதால் வளையம் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. உள்ளே இப்போதைக்கு ஈரமில்லை, அவ்வளவே.

வாங்கும் இடத்தில் நம்மிடம் கருவி இருக்காது, கண்ணும் கையும்தான். எஸ்கேஎக்ஸ்007இன் பின் மூடியில் 7எஸ்26-0020 என்ற எண் இருக்க வேண்டும். நீலமும் சிவப்பும் கலந்த பெசல் உள்ள 009க்கும் அதே எண்தான். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு ஆங்கில ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 8 என்று தொடங்கினால் 1998ஆகவும் இருக்கலாம், 2008ஆகவும் 2018ஆகவும் இருக்கலாம். திறந்து பார்க்க விட்டால் மெஷினின் ரோட்டாரில் (கை அசைவில் சுழன்று ஸ்பிரிங்கை ஏற்றும் தகடு) 7எஸ்26ஏ, பி, சி என்று எந்த எழுத்து இருக்கிறது என்று பாருங்கள். ஏ முந்தியது, சி பிந்தியது. ‘2018 பீஸ்’ என்று சொல்லி விற்கிற கடிகாரத்துக்குள் ஏ இருந்தால் ஒன்று ஆண்டு பொய், இல்லை மெஷின் வேறு.

மெஷின் மாற்றியிருப்பதைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். சாவியின் மரையைக் கழற்றி, இரண்டாம் கிளிக் வரை இழுங்கள். நொடி முள் நின்றுவிட்டால் உள்ளே இருப்பது 7எஸ்26 அல்ல. பெரும்பாலும் என்எச்36ஆக இருக்கும். அது 4ஆர்36இன் பெயர் போடாத வடிவம். கடிகாரத்தை மாற்றியமைக்கிறவர்கள் விரும்பிப் போடுவது. அது தவறு என்று சொல்லவில்லை, சொல்லப்போனால் அன்றாடம் கட்ட வசதிதான். ‘ஒரிஜினல்’ என்று விலை கேட்டால்தான் தவறு. அவசரத்தில் மாற்றியவர் இன்னொரு தடயமும் விட்டிருப்பார். இந்த கடிகாரத்தின் சாவி நாலு மணியருகே இருப்பதால் தேதி, கிழமைத் தட்டுகளும் அந்தக் கோணத்துக்கு அச்சிட்டவையாக இருக்க வேண்டும். மூன்று மணிச் சாவிக்கான தட்டோடு என்எச்36ஐ அப்படியே நுழைத்தால் சன்னலில் எழுத்து சாய்ந்து நிற்கும்.

முள்ளை நள்ளிரவு தாண்டித் திருப்பியும் பாருங்கள். தேதி பன்னிரண்டை ஒட்டி மாறும். கிழமை அப்படியல்ல, தட்டில் ஒவ்வொரு கிழமையும் இரண்டு மொழியில் இருப்பதால், முதலில் அடுத்த மொழி எட்டிப் பார்க்கும், பிறகு விடியற்காலை வாக்கில்தான் நம் மொழிக்கு வந்து உட்காரும். இதைக் கோளாறு என்று நினைத்து நல்ல கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் நிறைய. உண்மையான கோளாறு வேறு: இரவு ஒன்பதுக்கும் அதிகாலை நாலுக்கும் இடையே சாவியால் தேதியை மாற்றி மாற்றிப் பல்லை உடைத்திருப்பார்கள். அப்படிப்பட்டதில் தேதி பாதியில் நிற்கும் அல்லது தாவும். டயலைச் சுற்றியுள்ள நிமிடக் கோட்டு வளையம் பன்னிரண்டில் ஒரு மயிரிழை விலகியிருந்தால் போலி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சீகோ தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்தவை உண்டு.

என் கணக்கில் விலையைத் தீர்மானிக்க வேண்டியது சாவியின் மரை. கழற்றிவிட்டு, அமுக்காமல் முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். மரை விழுகிற சிறு துள்ளல் விரலுக்குத் தெரியும். பிறகு மூடுகிற பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போய் இறுக வேண்டும். கரகரவென்று ஏறினாலோ, இறுகுவதுபோல் வந்து மறுபடி சுழன்றாலோ மரை தின்றுபோயிருக்கிறது. சாவியை மாற்றலாம், பெரிய செலவில்லை. அது ஏறுகிற குழாய் உடலோடு பதித்தது; அதன் மரை போயிருந்தால் சரிசெய்வது எல்லாக் கடையிலும் ஆகாது. டயலும் கண்ணாடியும் பளபளத்தாலும் அந்தக் கடிகாரத்தை அங்கேயே வைத்துவிடலாம்.

மற்றவை சில்லறை. பெசல் ஒரு பக்கம் மட்டும், ஒரு சுற்றுக்கு 120 கிளிக் திரும்ப வேண்டும். இறுகிக் கிடந்தால் அடியில் உப்பும் அழுக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் (மேலே சொன்ன சோதனை முடிந்த பிறகு) பெரும்பாலும் இளகும். கத்தியால் நெம்பிக் கழற்றினால் கிளிக் கொடுக்கிற பொடிக் குண்டும் ஸ்பிரிங்கும் பறந்துவிடும், தேடிக் கிடைக்காது. பட்டையைப் பிடிக்கிற ஸ்பிரிங் கம்பி 22 மி.மீ. நீளமும் 2.5 மி.மீ. தடிமனும் கொண்ட சீகோ கம்பியாக இருக்க வேண்டும். மெல்லிய சாதாரணக் கம்பியைப் போட்டு விற்றால், நுனி துளையில் ஆடி ஆடி ஒருநாள் கடிகாரம் கடலுக்குப் போகும். பட்டை மாற்றினாலும் கம்பியை மட்டும் விட்டுவிடாதீர்கள். நாளுக்கு இரண்டு மூன்று நிமிடம் முந்தினால் உடனே மெஷினைக் குறை சொல்ல வேண்டாம். காந்தம் ஏறியிருக்கலாம்; காந்த நீக்கியில் ஒரு தடவை காட்டினால் போதும்.

இருட்டில் ஒளிர்வதை நம் ஊரில் ‘ரேடியம்’ என்றே சொல்கிறோம். எஸ்கேஎக்ஸில் இருப்பது லூமிபிரைட். வெளிச்சத்தை வாங்கி ஒளிர்வது, கதிரியக்கம் கிடையாது. ஆனால் ‘பழையது’ என்று கிளம்பி 1960களுக்கு முந்தைய ராணுவ, முக்குளிப்புக் கடிகாரங்களுக்குப் போகிறவர்கள் உண்டு. அவற்றில் நிஜமான ரேடியமே இருக்கலாம். ஒளிர்வது நின்றுபோனதால் கதிர் நின்றதாக அர்த்தமில்லை. ரேடியத்தின் அரை ஆயுள் 1600 ஆண்டு. அழிந்தது ஒளிரும் பொடி மட்டும். அதைத் திறந்து சுரண்டவோ ஊதவோ கூடாது. பிந்தைய காலத்துச் சுவிஸ் டயல்களில் ஆறு மணிக்குக் கீழே ஆங்கில ‘டி’ இருந்தால் டிரிட்டியம் என்ற வேறொரு கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம், இந்நேரம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும்.

விலை பற்றியும் ஒன்று. உற்பத்தி நின்றபின் எஸ்கேஎக்ஸுக்குக் கேட்கிற விலை ஏறிவிட்டது. சிலர் கேட்பது அநியாயம். வளையம், சோதனை, தேவைப்பட்டால் மெஷின் சர்வீஸ் என்று, வாங்கும் விலையில் நாலில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க முடியாதவர் இதில் இறங்க வேண்டாம். எல்லாம் சேர்ந்து சீகோவின் ‘டர்டில்’ வரிசை டைவர்ஸ் கடிகாரத்தின் விலையைத் தொட்டுவிட்டால், கண்ணை மூடிக்கொண்டு அதையே வாங்கலாம். 200 மீட்டர், மரைச்சாவி, 4ஆர்36 மெஷின் மூன்றும் அதில் இருக்கின்றன. எதை வாங்கினாலும் ஸ்கூபா போகிறவருக்கு ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டுகிற டைவ் கம்ப்யூட்டர்தான் முதல். கையில் கட்டுகிற கடிகாரம் அது கைவிடும்போது உதவுகிற துணை.

கட்டுரையில் இருந்த இரண்டு படங்களும் டயல் பக்கம் எடுத்தவை. திருத்தம் வெளியிட இடம் இருந்தால், அதே இரண்டு கடிகாரங்களின் பின் மூடியை அருகருகே பெரிதாகப் போட வேண்டுகிறேன். இரண்டு வரி விளக்கம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்
ராயபுரம், சென்னை-13